பதினைந்தில் ஏழு போனால்

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது முருகேசன் போன் செய்தார். முருகேசன் எங்கள் கல்லூரியின் அலுவலக உதவியாளர். ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டால் திங்கட்கிழமை யாரோ வரவில்லை, அவருடைய வகுப்பு என் தலையில் விழப்போகிறது என்று பொருள். அதனால் எடுத்தவுடனேயே, "என்ன முருகேசன், யாருக்கு லீவு?" என்றேன்.

"பூங்கொடி மேடம் போயிட்டாங்க சார்" என்றார்.

"எங்கே?" என்று கேட்டேன்.

நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன். ஏதோ அவசரமாக ஊருக்குக் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். முருகேசன் மெதுவாகச் சொன்னார்: "எங்கயும் போகலீங்க சார். ஊட்டுலயேதானுங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆசுபத்திரிக்குக் கெளம்பறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க."

இஸ்திரிப் பெட்டியை அணைத்தேன். பிறகு மறுபடி போட்டு, மிச்சமிருந்த இரண்டு சட்டைகளையும் தேய்த்து மடித்து வைத்தேன். போனில் யார் என்று மனைவி கேட்டாள். முருகேசன் என்றேன். துக்கத்தில் அதற்கு மேல் பேச்சு வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை. இதை எழுதும்போதும் முழுதாக உறைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் அவரோடு வேலை பார்த்தவர்கள், அல்லது அவரிடம் படித்தவர்கள். இருந்தாலும் புதிதாக வருகிற ஒருவருக்காகச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் இடையில், கோழிப் பண்ணைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் கலை அறிவியல் கல்லூரி. அதில் கணிதத் துறையில் நாங்கள் ஏழு பேர். பூங்கொடி மேடம் மோகனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என் நாற்காலிக்கு அடுத்த நாற்காலி அவருடையது. நான் வாழப்பாடிக்காரன். வேலைக்காக ராசிபுரத்தில் குடியிருப்பவன். ஒரே மாவட்டமாக இருந்து பிரிந்த ஊர்கள்தான் என்றாலும் என் பேச்சு அவருக்கு வேடிக்கை. "நீங்க 'வீடு'ன்னு சொல்றப்ப எல்லாம் எனக்கு ரேடியோவுல நியூஸ் கேக்கற மாதிரியே இருக்குதுங்க சார்" என்பார். "உங்கள் ஊட்டில் ரேடியோ இருக்கிறதா மேடம்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு பெரும்பாலும் இந்த அளவில்தான் ஓடும்.

அவர் தொடங்கிய வகுப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வணிகவியல் முதலாண்டு மாணவர்களுக்கு வணிகக் கணிதம் என்று ஒரு தாள் உண்டு. அதை எடுக்க முதன்முறையாகப் போனவர், பாடத்தைத் தொடங்கும் முன் சும்மா ஆழம் பார்க்கலாம் என்று கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதிப் போட்டிருக்கிறார். ஏழு கழித்தல் பன்னிரண்டு. வகுப்பு முடிந்து திரும்பி வந்து, என் மேஜைமேல் ஒரு கட்டுத் தாளை வைத்தார். பாதிப் பேர் ஐந்து என்று எழுதியிருந்தார்கள். சிலர் விடை எழுதுகிற இடத்தில் 'போகாது' என்று எழுதியிருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க சார்" என்றார். "நாமதானுங்க சொல்லிக் குடுத்தோம். ஏழுல பன்னெண்டு போகாது, பக்கத்துல கடன் வாங்குன்னு. இங்க பாருங்க, ஏழுக்குப் பக்கத்துல யாரு இருக்கறா? ஒருத்தரும் இல்லை. காலேஜுக்கு வந்தும் கடன் வாங்க ஆளில்லாம நிக்கறாங்க."

இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை, நம் வேலை இல்லை என்று நான் சொன்னேன். இப்போதும் என் கருத்து அதுதான். அவர் என் கருத்தைக் கேட்கவில்லை. முதல்வரிடம் போய், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தை வாங்கிக்கொண்டு வந்தார். கூட்டல் கழித்தல் முதல் பின்னம், தசமம், மைனஸ் எண்கள், கடைசியில் ஒற்றை x வரை. அதாவது ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பாடம், கல்லூரி பெஞ்சில். கால அட்டவணையில் அதற்கு 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று பெயர். மாணவர்கள் வாயில் அது 'பாலம்' ஆகிவிட்டது. அதில் உட்காருகிறவர்கள் பாலத்துக்காரர்கள். "எங்கடா, பாலத்துக்குக் கெளம்பிட்டியா?" என்று வராந்தாவில் கேலி பறக்கும்.

மேடத்துக்குத் தமிழில் ஒரு சொல்லோடு தகராறு. 'போனால்' என்கிற சொல். நாமெல்லோரும் கழித்தலை அப்படித்தான் படித்தோம். பதினைந்தில் ஏழு போனால் எட்டு. அவர் கேட்பார்: "போன ஏழு எங்கீங்க சார் போச்சு? ஒருத்தராச்சும் கேட்டிருக்கோமா?"

ஒருநாள் அந்த வகுப்பைக் கடந்து போனபோது பார்த்தேன். பதினைந்து பேரை எழுந்து நிற்கச் சொல்லியிருந்தார். அதில் ஏழு பேரை உட்காரச் சொன்னார். "நிக்கறது எத்தனை?"

"எட்டுங்க மேடம்."

"மிச்ச ஏழு பேரும் போயிட்டாங்களா?"

"இல்லைங்க மேடம். உக்காந்திருக்காங்க."

"அவ்வளவுதான் சாமி. ஏழு எங்கயும் போகல. பதினஞ்சுக்குள்ளயேதான் இருக்குது. நாமதான் அதை உட்டுட்டு எண்ணறோம். அதுக்குப் பேருதான் கழித்தல்."

பதினெட்டு வயதுப் பிள்ளைகளை எழுந்திரு, உட்கார் என்று வேலை வாங்குகிறாரே என்று எண்ணிக்கொண்டே என் வகுப்புக்குப் போனேன். அந்த வாக்கியம் என்னுடனேயே வந்துவிட்டது என்று அப்போது தெரியவில்லை.

தப்பான விடை என்றால் அவருக்கு அலாதி ஆசை. இந்த ஆண்டு பாலத்தில் பிரகாஷ் என்று ஒரு மாணவன். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு பக்கம். அப்பா ரிக் வண்டியில் டிரில்லர், ஆண்டில் பாதி நாள் வடநாட்டில் போர் ஓட்டிக்கொண்டிருப்பவர். மேடம் கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, நடுவில் பூஜ்யத்தை எழுதி, அதுதான் தரை என்றாராம். கீழே போகப் போக மைனஸ். மைனஸ் இருநூறு, மைனஸ் எண்ணூறு, இரண்டில் எது பெரிது என்று கேட்டதற்குப் பிரகாஷ் எழுந்து, "எண்ணூறுதானுங்க மேடம். எண்ணூறு அடி ஓட்டறதுன்னா லேசுங்களா?" என்றிருக்கிறான். வகுப்பு மொத்தமும் அவன் கட்சி.

ஆசிரியர் அறைக்கு வந்தபோது மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரிசு விழுந்தவர் மாதிரி இருந்தார். "சார், அது தப்பில்லைங்க. அது திருச்செங்கோடுங்க" என்றார். "நான் மேல எதுன்னு கேக்கறேன். அவன் ஆழம் எதுன்னு சொல்றான். அவன் சொல்றது அவங்க ஊட்டுல சரியான விடைங்க."

மறுநாள் அவனிடமே கேட்டாராம்: "பிரகாஷ், எண்ணூறு அடியில ஒரு மோட்டார் கெடக்குது, எரநூறு அடியில ஒண்ணு கெடக்குது. மேல இருக்கறது எது?"

"எரநூறுங்க."

"மேல இருக்கறதைத்தான் கணக்குல பெருசுங்கறோம். ஆழத்துல பெருசு உன்னோடதுதான். நமக்குள்ள சண்டையில்லை."

அதிலிருந்து, யார் எந்தத் தப்பான விடையைக் காட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இது எந்த ஊருங்க?" என்பதுதான். தப்புக்கெல்லாம் சொந்த ஊர் ஒன்று இருக்கிறது, அங்கே போய்த்தான் அதைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது அவர் கட்சி. x என்பது ஒரு மாறி என்று எழுத வேண்டிய இடத்தில் போன ஆண்டு சேலத்துப் பெண் ஒருத்தி, x என்பது ஒரு மாரி என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளின் ஓரத்தில் மேடம் சிவப்பு மையில் எழுதினார்: 'பெரிய ற போடு சாமி. இல்லாட்டி x-க்குப் பொங்கல் வெக்கோணும்.'

சசிகலாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், பின்னால் அவள் வருகிறாள். அவளுடைய அப்பா அம்மா இருவரும் கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற பண்ணையில் வேலை செய்கிறார்கள். அவளும் எல்லோரையும் போல, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். மேலே உள்ளதை மேலே கூட்டினாள், கீழே உள்ளதைக் கீழே கூட்டினாள். மேடம் கேட்டாராம்: "ஒரு ட்ரேயில முட்டை எத்தனை சசிகலா?"

"முப்பதுங்க மேடம்."

"அரை ட்ரே?"

"பதினஞ்சு."

"பதினஞ்சு முட்டையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். சேர்த்ததுக்கு அப்பறம் உன் கணக்குப்படி அஞ்சுல ரெண்டு பங்கு. ட்ரேயில எத்தனை இருக்குது?"

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "பன்னெண்டுங்க" என்றிருக்கிறாள்.

"சேர்க்கச் சேர்க்கக் கொறையுதே. முட்டை எங்க போச்சு?"

"நான் திங்கலீங்க மேடம்" என்றாளாம் சசிகலா. இதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பின்னம் அவளுக்கு அன்றைக்கே வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் விடை எழுதியதும், அது பாதியைவிடக் கூடவா குறைவா என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. "அது போதுங்க சார், மீதி தானா வரும்" என்றார் மேடம்.

பாலத்துக்காரர்களுக்குக் கேலிதான் பெரிய பாரம். வகுப்பறை மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்ததால், ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கதவைச் சாத்திவிடலாமா என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் மேடம் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் 'ஆய்வு நடைபெறுகிறது' என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார். அதைப் பார்த்த முதல்வர் என்ன ஆய்வு என்று விசாரித்தார். "தப்பு எங்கிருந்து வருதுன்னு ஆய்வு பண்றோமுங்க சார்" என்றார் மேடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அட்டை இன்னும் கதவில் இருக்கிறது. நேற்றுக்கூடப் பார்த்தேன்.

எனக்கும் அவருக்கும் இருந்த ஒரே நிஜமான சண்டை சமன்பாட்டைப் பற்றியது. x கூட்டல் ஏழு சமம் பதினைந்து. இதை எப்படிப் போடுவீர்கள்? ஏழு அந்தப் பக்கம் போனால் மைனஸ் ஏழு, ஆகவே x எட்டு. என் ஆசிரியர் எனக்கு அப்படிச் சொன்னார், நான் என் மாணவர்களுக்கு அப்படிச் சொல்கிறேன். மூன்று விநாடியில் வேலை முடிந்தது.

மேடம் ஒப்புக்கொள்ள மாட்டார். "அந்தப் பக்கம் ஒண்ணும் போறதில்லைங்க சார். ஈக்வல் என்ன செக்போஸ்ட்டுங்களா, தாண்டுனதும் முத்திரை மாத்திக் குத்தறதுக்கு? ரெண்டு பக்கமும் சமமா இருக்குது. இந்தப் பக்கம் ஏழை உட்டுட்டு எண்ணுனா, அந்தப் பக்கமும் ஏழை உட்டுட்டுத்தான் எண்ணோணும். அவ்வளவுதான் நடக்குது."

"பரீட்சையில் இவ்வளவு விளக்கத்துக்கு நேரம் ஏது மேடம்?"

"மந்திரம் மாதிரி சொல்லிக் குடுத்தா மந்திரம் மாதிரியே மறந்தும் போயிருதுங்க. பெருக்கல்ல இருக்கற மூணையும் மைனஸ் மூணா மாத்தி அந்தப் பக்கம் அனுப்பிச்சுடறாங்க. ஏன்னு கேட்டா, பக்கம் மாறுனா குறி மாறும்னு நீங்க சொன்னீங்களாம்."

இதற்கு எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொன்னேன். டீ வந்ததும் பேச்சு நிற்கும், மறுவாரம் மறுபடி தொடங்கும். இருவரில் ஒருவரும் கட்சி மாறவில்லை.

இந்த செமஸ்டர் தொடங்கியபோது பாலத்தை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. அந்த மணி நேரத்தை வேலைவாய்ப்புப் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மேடம் கெஞ்சவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. முதல்வர் அறையில் நானும் உடன் இருந்தேன். "இந்த ஒரு செமஸ்டர் உடுங்க சார். இவங்க வணிகக் கணிதத்துல பாஸ் பண்ணட்டும். பண்ணலைன்னா நானே வந்து நிறுத்திக்கறேன்" என்றார். முதல்வர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த செமஸ்டர் மட்டும், ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்றார். வெளியே வந்ததும் மேடம் என்னிடம் சொன்னார்: "பின்னம் முடிஞ்சுது. மைனஸ் முடிஞ்சுது. x ஒண்ணுதான் பாக்கி. அதை மட்டும் நடுவுல உட்டுடக் கூடாதுங்க சார்." x-ஐத் தொடங்கிய வாரத்தின் கடைசியில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மோகனூருக்கு முருகேசனும் நானும் சேர்ந்து போனோம். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டு வந்தார், நான் உம் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அழுகைச் சத்தத்துக்கு நடுவில் அதுதான் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மாலையை வைத்தேன். முகத்தைப் பார்த்தேன். எனக்குள்ளே ஏதாவது அசையும் என்று எதிர்பார்த்தேன், அசையவில்லை. காலில் கட்டெறும்பு கடித்தது. குனிந்து அதைத் தட்டிவிட்டேன். இதெல்லாம்தான் எனக்கு நினைவிருக்கிறது.

அவருடைய கணவர் தங்கவேல் ஐயாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆற்றோரம் கரும்பும் தென்னையும் வைத்திருக்கிறவர். முருகேசன் என்னை அறிமுகப்படுத்தியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீங்கதானுங்களா அந்தப் பக்கத்துச் சாரு?"

எனக்குப் புரியவில்லை. வாழப்பாடியைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "ஆமாங்க, ஆத்தூர்ப் பக்கம்" என்றேன்.

"அதில்லைங்க. இவ ஊட்டுல உங்களை அப்பிடித்தான் சொல்லுவா. 'இன்னைக்கும் அந்தப் பக்கத்துச் சாரு ஒத்துக்கலீங்க'ன்னு வந்து சொல்லுவா. எனக்கு என்ன கணக்குத் தெரியும்? என்னமோ சொல்லிச் சிரிப்பா." சொல்லிவிட்டு அவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. என் கையை விடாமல் அப்படியே நின்றார். அழக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் செய்ய வேண்டியதையும் சேர்த்து அவர் செய்கிறார் என்று தோன்றியது.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. மௌன அஞ்சலி முடிந்ததும் முதல்வர் பேசினார், நான்கு நல்ல வார்த்தை சொன்னார், அவையெல்லாம் உண்மைதான். கூட்டம் கலைந்தபின் என்னை அழைத்து, பாலத்துப் பிள்ளைகளைத் தற்காலிகமாக வணிகக் கணிதத்தின் பெரிய வகுப்போடு சேர்த்துவிடலாம் என்றார். எடுக்க ஆளில்லை என்பதும் உண்மைதானே. சரி என்றேன். அப்போது எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் சசிகலாவும் பிரகாஷும் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரச் சொன்னேன். அடுத்த நாற்காலியைப் பார்க்காமல் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சார், எங்களைப் பெரிய கிளாஸ்ல சேக்கறாங்களாம்" என்றாள் சசிகலா.

"ஆமாம்மா."

"அங்க போனா எங்களுக்கு ஒண்ணும் வெளங்காதுங்க சார். வாயைத் தொறந்து கேக்கவும் முடியாது. சிரிப்பாங்க." பிறகு, "மேடம் x ஆரம்பிச்சு வெச்சிருக்காங்க சார்" என்றாள்.

பிரகாஷ் ஒரே வாக்கியம்தான் பேசினான்: "நீங்களே வாங்க சார்."

முதல்வரிடம் போய் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். நீங்களா என்று கேட்டார். அவர் ஆச்சரியப்பட்டது நியாயம்தான். மேடத்துக்குச் செய்கிற கடமை, அது இது என்றெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த மணி நேரத்தில் ஆசிரியர் அறையில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு, வகுப்பில் நிற்பது மேல் என்று பட்டது, அவ்வளவுதான். பரீட்சை வரைக்கும் எடுங்கள் என்றார்.

'ஆய்வு நடைபெறுகிறது' அட்டையைத் தாண்டி உள்ளே போனேன். முன்னுரை எதுவும் சொல்லவில்லை. கரும்பலகையில் x கூட்டல் ஏழு சமம் பதினைந்து என்று எழுதினேன். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: "இப்போ இந்த ஏழு அந்தப் பக்கம் போனால்..."

"போகாதுங்க சார்" என்றாள் சசிகலா.

திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்றிருந்தாள். எதிர்த்துப் பேசுகிற முகம் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குச் சொல்கிற முகம்.

"ஏழு அந்தப் பக்கம் எல்லாம் போகாதுங்க சார்."

பின்னாலிருந்து பிரகாஷ் சொன்னான்: "அது எங்கயும் போகாதுங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை போனில் முருகேசன் சொன்னதும் இதேதான். எங்கே என்று நான் கேட்டேன். எங்கயும் போகலீங்க சார் என்றார். அப்போதுதான் முதன்முதலாக வலித்தது. அழுகையாக வரவில்லை. கை எழுத மறுத்தது, அவ்வளவுதான்.

"அப்புறம்? என்ன செய்யணும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடுத்த அறையிலிருந்து கேட்பது மாதிரி இருந்தது.

"ரெண்டு பக்கமும் ஏழை உட்டுட்டு எண்ணோணுங்க சார்" என்றாள் சசிகலா. "ஒரு பக்கம் மட்டும் உட்டா சமம் கெட்டுப்போயிரும்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இந்தப் பக்கம் கழித்தல் ஏழு. அந்தப் பக்கம் கழித்தல் ஏழு. என் வழியைவிட ஒரு வரி கூடுதல். அந்த ஒரு வரியை எழுத எனக்கு அன்றைக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டு வாரமாக அந்த வகுப்பை எடுக்கிறேன். சமன்பாடு பாதி முடிந்திருக்கிறது. பரீட்சை வரப்போகிறது. பிள்ளைகள் தேறுவார்களா, பாலம் அடுத்த செமஸ்டரில் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. தேறிவிடுவார்கள் என்று பெரிதாகச் சொல்லி இந்த அஞ்சலியை முடிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் போடாத கணக்குக்கு விடை எழுதுகிறவரை மேடத்துக்குப் பிடிக்காது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது என்ன என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. தப்பான விடையைப் பார்த்தால் இது எந்த ஊர் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறேன். 'போனால்' என்று சொல்வதை விட்டுவிட்டேன். பெரிய வகுப்பிலும்கூட, 'விட்டுவிட்டு எண்ணினால்' என்றுதான் இப்போது சொல்கிறேன். மாணவர்கள் விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

தங்கவேல் ஐயா நேற்றுப் போன் செய்தார். காரியத்துக்கு வரச் சொல்லி அழைத்துவிட்டு, வேறு பேச ஒன்றுமில்லாமல், "சாப்பாட்டுக்கு இன்னும் ரெண்டு தட்டுத்தானுங்க எடுக்கறேன்" என்றார். இங்கே ஆசிரியர் அறையில் டீ கொண்டு வருகிறவர் கேட்கும்போது என் வாயிலும் ஏழு என்றுதான் வருகிறது, பிறகு ஆறு என்று திருத்திச் சொல்கிறேன். நீங்கள் எங்கேயும் போகவில்லை என்று உங்கள் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், மேடம். மோகனூரில் உங்கள் வீட்டிலும், இங்கே எங்கள் அறையிலும், ரெண்டு பக்கமும் உங்களை விட்டுவிட்டு எண்ணப் பழகிக்கொண்டிருக்கிறோம். விடை சரியாகத்தான் வருகிறது.